நாய்ச் சட்டை

— நாய வாடகைக்கெல்லாம் விடுறதில்லக்கா. இது காப்பகம். வளக்கிறதுன்னா கூட்டிட்டுப் போங்க.

— வாடகைன்னு நான் சொன்னேனா தம்பி? அரை நாள். சாயங்காலம் கொண்டாந்து விட்டுடறேன்.

— அரை நாளுன்னு நோட்டுல எப்படி எழுதுறது? இந்த ஜெக்ஷென் நாய இரவல் குடுக்கிறான்னு என் வேலைக்கு வேட்டு வைப்பாங்க.

— சைராகான்னு எழுதிக்கோ. அதான் என் பேரு. நாரின் டவுன்ல ஆஸ்பத்திரிக்குப் பின்னால வீடுன்னு எழுது. ஓடியா போயிடுவேன்?

— எதுக்குன்னு எழுதுறது?

— நாற்பதாம் நாளு. பொறந்ததும் போட்ட மொதச் சட்டைய நாய் கழுத்துல கட்டி ஓட விட்டு, பிள்ளைங்க தொரத்தணும்ல? அதுக்கு.

— அட, அத மொதல்ல சொல்றதில்லையா! பேரனா, பேத்தியா?

— பையன்.

— நல்லாருக்கட்டும். அதுக்காக பஸ் பிடிச்சு இவ்வளவு தூரமா? நாரின்ல நாயே இல்லையா?

— எங்கது அடுக்குமாடி. அங்க இருக்கிறதெல்லாம் கைப்பைக்குள்ள போற நாய். சட்டையப் போட்டா நாயத் தேடணும்.

— ஹ ஹ... சின்னதுல நானும் தொரத்தியிருக்கேன். சட்டையில முடிஞ்ச மிட்டாயப் பிடுங்குறதுக்குள்ள நாய் ஆத்துல எறங்கிடுச்சு. நாங்க ஆறு பேரு கரையில நின்னு அழுறோம்.

— நாய்?

— அக்கரையில உக்காந்து மிட்டாயத் தின்னுச்சு. காகிதத்தோட... இந்தாங்க, இதப் பாருங்க. ஒரு வயசு. அம்பு மாதிரி ஓடும்.

— ஓடுற நாய் வேணாம்.

— தொரத்தத்தானேக்கா நாய்?

— நிதானமா இருக்கணும். அதோ, கரி மூட்டைக்குப் பின்னால படுத்திருக்கே, அது யாரு?

— எது?

— இப்ப நீ முன்னால வந்து மறைக்கிறியே, அது.

— அதா... அது வேணாங்க்கா. கடிக்கும்.

— கடிக்குமா?

— வயசாச்சு வேற. மூணு கால்தான். ஓநாய்க்கு வச்ச பொறியில மாட்டினது. மேய்ச்சல் முடிஞ்சு ஆட்டுக்காரங்க மலையிலேர்ந்து கீழ எறங்கும்போது விட்டுட்டுப் போயிட்டாங்க. நாலு வருஷமா இங்கதான்... அக்கா! கிட்டப் போகாதீங்க!

— என் கைய நக்குதே.

— ...நக்கிட்டுக் கடிக்கும்.

— பேரென்ன?

— பேரெல்லாம் வைக்கல. அக்தோஷ், எந்திரிக்காத, படு!

— பேரு வைக்கலன்ன?

— மாரு வெள்ளையா இருக்கா... அக்தோஷ்னா வெள்ள மாருதானே. பாத்தா தானா வாயில வந்துடுது.

— மத்ததுக்கெல்லாம் வைக்கோலு. இதுக்குக் கம்பளம்.

— பழசுக்கா.

— பழசா? ஓரத் தையல்கூடப் பிரியல. சரி விடு. நாலு வருஷமா யாரும் இதக் கேக்கலியா?

— கேக்கல.

— ஒருத்தர்கூடவா?

— மூணு கால் நாய யாரு கேப்பா... சட்டையக் குடுங்க, அளவு பாப்போம். இதுக்குக் கழுத்து பெரிசு.

— இந்தா. மெதுவா... மெதுவாப் பிரி.

— துணி மஞ்சளா இருக்கே?

— பழந்துணியிலதானே தைப்பாங்க? எட்டுப் பிள்ள பெத்த கெழவி ஒருத்தி இருந்தா. அவ தலைத்துணியக் கேட்டு வாங்கித் தச்சேன். அவ ஆயுசு ஒட்டிக்கட்டும்னு.

— கைப் பக்கம் என்ன, எலி கடிச்சிருக்கா?

— போன வாரம். பெட்டிக்குள்ள பூந்துடுச்சு. இன்னும் வச்சிருந்தா சட்டையே மிஞ்சாதுன்னுதான் இன்னிக்கே...

— இன்னிக்குத்தானே நாற்பது?

— ஆமா... இன்னிக்குத்தான்.

— நாற்பது கரண்டி தண்ணி ஊத்திக் குளிப்பாட்டியாச்சா?

— ம்.

— யாரு ஊத்தினா?

— ஏன், நீ என்ன போலீஸா?

— இல்லக்கா, விசேஷ வீட்டுக்காரி காலங்காத்தால பஸ் ஏறி இங்க வந்து நிக்கிறீங்களேன்னு... சரி, வண்டிய எடுக்கிறேன். நானே கொண்டு விடுறேன். பொர்சோக் பலகாரம் பொரிச்சிருப்பீங்க. ரெண்டு தின்னுட்டு, பிள்ளையப் பாத்துட்டு...

— வேணாம்!

— ஏன்க்கா?

— வீடு சின்னது. கூட்டம்.

— வாசல்ல நின்னுக்கிறேன்.

— வேணாம்னா விடேன் தம்பி.

— எத்தன பிள்ளைங்க வருதுக்கா? யாரும் வரலியா?

— நீ மொதல்ல சொல்லு. இத நெசமாவே யாரும் கேக்கலியா?

— ...மூணு பேரு கேட்டாங்க.

— ம்.

— மே மாசம் ஒரு குடும்பம் வந்துச்சு. அவங்க பொண்ணு இது பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேன்னுச்சு. கடிக்கும்னு சொல்லி அனுப்பிட்டேன்.

— அடப்பாவி.

— பனி விழுந்துட்டா ஏப்ரல் வரைக்கும் இந்த ரோட்டுல ஆள் கெடையாதுக்கா. சாப்பாட்டு வண்டிக்காரன் வாரத்துக்கு ஒருக்கா வருவான். அவனும் எறக்கிப் போட்டுட்டு ஓடிடுவான். மத்த நாயெல்லாம் குலைக்கும். நான் பேசினா மொகத்தப் பாக்கிறது இது ஒண்ணுதான்.

— ஒன் மொகத்தப் பாக்கிறதுக்காக இது கரி மூட்டைக்குப் பின்னால கெடக்கணுமா?

— கெடக்கல. யாரு வந்தாலும் நான்தான் அங்க படுக்க வைப்பேன்.

— இருமுது பாரு.

— போன குளிர்லேர்ந்தே அப்படித்தான். சூடான எடத்துல வைக்கச் சொன்னாரு டாக்டர். இன்னொரு குளிரு தாங்காதாம்.

— தெரிஞ்சும் வச்சிருக்க.

— ...தெரிஞ்சும்தான்.

— எங்க வீட்டுல ரெண்டு அறை தம்பி. சுவரோரமா வெந்நீர்க் குழாய் ஓடும். ஒரு அறைய நான் தொறக்கிறதே இல்ல.

— மாடியா? இதால ஏற முடியாதுக்கா.

— கீழ் வீடு. மூணே படி.

— சாயங்காலம் கொண்டாந்து விட வேணாம்.

— என்ன சொல்ற?

— கூட்டிட்டுப் போயிடுங்க. கம்பளத்தையும் எடுத்துக்கோங்க. சூப்புல எலும்பு இருந்தா எடுத்துடுங்க, பல்லு இல்ல. இடி இடிச்சா மேஜைக்கு அடியில போயிடும், இழுக்காதீங்க. சும்மா பக்கத்துல உக்காந்து பேசினா போதும். என்ன வேணா பேசலாம். நான் கரி வெலையெல்லாம் சொல்லியிருக்கேன்... அக்கா, நீங்க ஏன் அழுறீங்க? நாய் போறது எனக்குத்தானே!

— ஒண்ணுமில்ல. குளிரு.

— செப்டம்பர்லயா... சரி, சட்டையக் கட்டிடறேன். இப்படித் திரும்புடா அக்தோஷ். அக்கா, ஒண்ணே ஒண்ணு. கோவிச்சுக்காதீங்க. பையனுக்கு இன்னிக்கு நெசமா எத்தன நாளு?

— பன்னெண்டு நாள்தான் இருந்தான் தம்பி, என் பிள்ள. இருந்திருந்தா ஒன் வயசு இருக்கும்... சட்டையக் கட்டாத, மடிச்சுக் குடு. மிச்சம் இருபத்தெட்டு நாளு இவன் எங்கூட இருக்கட்டும். நாற்பது ஆகுற அன்னிக்குக் கட்டுவோம். தொரத்துறதுக்கு அங்க ஆள் கெடையாது... நீ வரணும்.