மேல்வீட்டுத் தாயும் கீழ்வீட்டுக் குழந்தையும்

அன்று காராகோல் கலாசார மண்டபத்து மேடையில் நான் சொல்லாமல் விட்டது இது.

எங்கள் தொலைக்காட்சித் தொடருக்கு ஊர் எடுத்த பாராட்டுக் கூட்டம் தொடங்கச் சற்று முன், திரைக்குப் பின்னால் ஊல்கான் அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். தொடரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மேல்வீட்டுப் பூபூகானாக நடிப்பவர். கூட்டம் முடிந்ததும், தம் மகன் தாயிருக்காகப் பெகாயிமின் காதில் தோடு போட இருந்தார். மாப்பிள்ளையின் தாய் தோடு போட்டுவிட்டால் நிச்சயம் முடிந்தது. தாயிரும் பெகாயிமும் கைக்குழந்தைகளாகவே எங்கள் தொடருக்கு வந்தவர்கள். திரையில் மேல்வீட்டுப் பையன் அவன், கீழ்வீட்டுப் பெண் அவள்.

"பெர்மெத், பேசும்போது ஒரு விஷயம் சேர்த்துக்க. யாருக்கும் சொன்னதில்ல," என்றார் அக்கா. "பனிக்காட்சி, கீழ்வீட்டுக் கொழந்தைக்கு நான் பால் குடுக்குற காட்சி, அதை எடுத்தப்போ டைரக்டர் பொம்மையைத்தான் குடுத்தாரு. இந்தப் பெகாயிம் புள்ள மேக்கப் அறையில கெடந்து கத்துது. அவங்கம்மா ஜில்திஸ் பனியில ரோட்டுல மாட்டிக்கிட்டா. எனக்குத் தாயிரைப் பெத்து மூணு மாசம், மாரு கட்டிப்போய்க் கெடக்கு. பொம்மையைத் தூக்கிப் போட்டுட்டு இவளையே எடுத்து மடியில போட்டு..."

அங்கே நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த இரவை அவர் தம் நடிப்பின் கணக்கிலேயே வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கும் அப்போதுதான் புரிந்தது. எங்கள் மக்களிடம் ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் உடன்பிறப்புகள். ஒரு வாய் போதும். அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது.

"அது நடிப்பு," என்றார், மெல்ல. "நடிப்புதானே அது?"

அதற்குள் என் பெயரை அழைத்துவிட்டார்கள். மேடையில் நான் பேசியது பின்வருமாறு.

அவைக்குத் தலைமை தாங்கும், எங்கள் முதல் நாள் படப்பிடிப்புக்குத் தம் குதிரையை இரவல் தந்த மேதெர்பெக் ஐயா அவர்களே; வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றாமல் முன்வரிசையில் வீற்றிருந்து, பின்வரிசைக்கு மேடையை மறைக்கும் வெண்தாடிப் பெரியோர்களே; எங்கள் கதையில் கண்ணை வைத்து, அடுப்பில் இறைச்சி தீய்ந்த பழியை எங்கள் தலையில் வைத்த தாய்மார்களே; உடன் உழைக்கும் கலைஞர்களே; இஸிக்குல் ஏரிக்கரையின் ஊர்களிலிருந்தெல்லாம் திரண்டு வந்திருக்கும் என் மக்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் நடிகை அல்லள். கதைப்பிரிவில் பாத்திரங்களின் வரலாற்றைக் காப்பவள். யார் யாருக்குப் பிள்ளை, யார் யாரோடு எந்தக் குளிர்காலத்தில் பேச்சை முறித்தார், யாருடைய வலக்கன்னத்தில் தழும்பு, இவற்றை நடிகர் மறக்கலாம், எழுத்தாளர் மறக்கலாம், நான் மறக்கலாகாது.

மேல்வீடும் கீழ்வீடும் எதற்காகப் பகைத்தன? மண்ணுக்காகவா? மாட்டுக்காகவா? மானத்துக்காகவா? ஒரு வாய்க்காலுக்காக. மேலே மடை அடைத்தால் கீழே பயிர் வாடும். கீழே பயிர் வாடினால் மேலே சிரிப்பொலி கேட்கும். அப்படித்தான் எட்டு ஆண்டுகள் நம்பினோம். ஒன்பதாம் ஆண்டில் என்ன கண்டோம்? விடியுமுன் கையில் மண்வெட்டியோடு மடையை அடைத்தவர் மேல்வீட்டார் அல்லர். கீழ்வீட்டுக் கிழவர் சத்தார். தம் பயிரைத் தாமே வாடவிட்டவர். ஏன்? பொதுப் பகைவன் ஒருவன் இருந்தால்தான், தமக்குள் அடித்துக்கொள்ளும் தம் நான்கு மகன்களும் ஒரே கூரையின்கீழ் இருப்பார்கள் என்று. அன்று இந்த ஏரிக்கரையில் எத்தனை வீடுகளில் கோப்பை கைநழுவி விழுந்தது?

"எங்க வீட்டுல ரெண்டு," என்றது ஒரு குரல்.

இரண்டு என்கிறார் அண்ணன். உடைத்தது அவரா, அண்ணியா என்பதை வீட்டில் போய்த் தீர்த்துக்கொள்ளட்டும்.

அந்தச் சத்தார் கதையில் இறந்தார். மறுநாள் எங்கள் நிலையத்து முற்றத்தில் ஒரு பேருந்து வந்து நின்றது. அதிலிருந்து பெண்கள் இறங்கினார்கள், கூடவே ஓர் ஆடும் இறங்கியது. இறங்கியவர்கள் நம் வழக்கப்படி சுவரைப் பார்த்து அமர்ந்து ஒப்பாரி தொடங்கிவிட்டார்கள். உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த சத்தாராக நடித்த ஜூமார்த் ஐயா என்ன செய்வார்? தம் துக்க வீட்டுக்குத் தாமே போய் அமர்ந்து, தம் பெயரால் வெந்த இறைச்சியைத் தாமே உண்டார்.

"நான் உசிரோடதான் இருக்கேன், தாயி," என்று ஓரத்தில் இருந்து ஜூமார்த் ஐயா குரல் கொடுத்தார்.

"அப்ப அந்த ஆட்டைத் திருப்பிக் குடுய்யா," என்றார் மூன்றாம் வரிசையில் ஓர் அம்மா.

"அது செரிச்சுப் போச்சு."

இன்று நாம் சிரிக்கிறோம். அன்று நான் சிரிக்கவில்லை, திகைத்துப் போனேன். அவர்களில் ஒரு தாயிடம் கேட்டேன்: "அவரு நடிகர்னு தெரியாதாம்மா?" அவர் சொன்னார்: "ஏன் தெரியாது? ஆனா நேத்து நான் அழுதது நெஜம். நெஜமா அழுதுட்டு, வந்து ஒரு வாய் சாப்பிடாம எப்படி இருக்கிறது?"

இவ்வளவில் என் உரையை நிறைவு செய்து...

"பனிக்காட்சி எங்க?" என்று பின்னால் இருந்து யாரோ கேட்டார்கள். "அதைச் சொல்லாம எறங்கினா எப்படி?" மண்டபம் முழுவதும் கைதட்டத் தொடங்கியது. "கதையில அண்ணன் தங்கச்சி, வெளியில மாப்பிள்ள பொண்ணு. அதைச் சொல்லு, புள்ள," என்றார் ஒருவர். பெகாயிம் முகத்தை மூடிக்கொண்டாள். தாயிர் எழுந்து, நெஞ்சில் கைவைத்துக் குனிந்தான். சிரிக்காதவர் அந்த மண்டபத்தில் ஊல்கான் அக்கா ஒருவர்தான்.

கேட்டீர்கள், சொல்கிறேன். முதல் குளிர்காலம். கணவாய் அடைபட்டது. கீழ்வீட்டுத் தாய் மலைக்கு அந்தப் பக்கம். கீழ்வீட்டுக் குழந்தை மலைக்கு இந்தப் பக்கம். பசித்த பிள்ளையின் அழுகைக்குச் சுவர் தெரியுமா? பகை தெரியுமா? மடை யார் அடைத்தார் என்ற வழக்குத் தெரியுமா? மேல்வீட்டுப் பூபூகான் எழுந்தாள். முழங்கால் பனியில் நடந்தாள். எந்தக் கதவைத் தொடமாட்டேன் என்று சபதம் செய்திருந்தாளோ, அந்தக் கதவைத் திறந்தாள். எவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. எதிரியின் குழந்தையை எடுத்தாள், அமர்ந்தாள், கொடுத்தாள்.

அன்று முதல் அவள் மகனும் அந்தக் குழந்தையும் உடன்பிறப்புகள். புதிதாக வரும் எழுத்தாளர்கள் ஒவ்வொருவரும் என்னிடம் வருவார்கள். "இந்த ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சா ஊரே பாக்கும், பெர்மெத்." சேராது என்பேன். "ஒரு தடவ குடிச்சதுதானே?" ஒரு வாய் போதும் என்பேன். சேர்க்கப்போகிறோம் என்று ஒருமுறை வதந்தி கிளம்பியதே, அன்று எங்கள் தொலைபேசி ஓய்ந்ததா? ஏசாத ஊர் உண்டா? நீங்கள் ஏசினீர்கள். நியாயமாகத்தான் ஏசினீர்கள்.

அப்போது நடுவரிசையில் ஒரு முதிய பெண் எழுந்தார்.

"பொண்ணே, எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். அந்தக் காட்சியில கொழந்தை சப்புற சத்தம் கேட்டுச்சு. பொம்மை சப்புமா?"

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு வரிசையாகச் சிரிப்பு நின்றது. முன்வரிசையில் பெகாயிமின் தாய் ஜில்திஸ் அக்கா பாதி எழுந்தபடி நின்றார். எல்லாத் தலைகளும் ஊல்கான் அக்கா பக்கம் திரும்பின.

தாயே, கேள்வி என்னிடம் வந்துவிட்டது. விடை சொல்லும் உரிமை எனக்கில்லை. பாத்திரங்களின் வரலாறு என் பொறுப்பு. மனிதர்களின் வரலாறு அவரவர் பொறுப்பு. ஆனால் என் மக்களே, ஒன்று கேட்கிறேன், உங்களைக் கேட்குமுன் என்னையே கேட்கிறேன். ஒரு வாய்ப் பாலை மதியுங்கள் என்று இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு கதை சொன்னோமே, அதை நாம் நம்பினோமா, உங்களை மட்டும் நம்பச் சொன்னோமா? கதையில் வரும் தாய் கதவைத் திறந்தால் கண்ணீர் விடுகிறோம். நம்மிடையே ஒரு தாய் வாய் திறக்க நேர்ந்தால், அவளைக் குற்றவாளி என்போமா? பசித்த குழந்தைக்குக் கொடுத்தவள் குற்றவாளியா? கொடுத்ததைச் சொல்பவள் குற்றவாளியா? எது வந்தாலும் ஏற்கும் நெஞ்சு இந்த மண்டபத்துக்கு இருந்தால், இருபத்திரண்டு ஆண்டு உழைப்புக்கு அதுவே கூலி.

என்னை இங்கே நிறுத்திய தலைவருக்கும், பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், குறுக்கே கேட்ட அந்தத் தாய்க்கும் நன்றி. இதற்குமேல் இந்த மைக் என் கையில் இருப்பது முறையாகாது. தலைதாழ்த்தி வணங்கி விலகுகிறேன்.

ஊல்கான் அக்கா மேடையேறி மைக்கை வாங்கினார். முதலில் மகனைப் பார்த்தார்.

"குடிச்சா," என்றார். "வயிறு நெறையக் குடிச்சா."

ஒருவரும் கைதட்டவில்லை, ஒருவரும் ஏசவில்லை. தோடு போடவில்லை. அந்த வாரமே தாயிர் தொடரை விட்டுத் தலைநகர் பிஷ்கெக்குக்குப் போனான். பெகாயிம் இன்னும் நடிக்கிறாள். கதைப்படி அவள் ஊல்கான் அக்காவை அம்மா என்று கூப்பிட வேண்டும். அந்த வசனங்களை மட்டும் மாற்றித் தரச் சொல்கிறாள். நாங்கள் மாற்றித் தருகிறோம்.