ஆப்பிளின் நிழல் பக்கம்

என் ஆப்பிள் உருண்டையாக வரவில்லை, ஐயா. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் தொடங்குகிறது.

ஓய்வு பெற்றபின் எண்ணெய் வண்ணம் தீட்டக் கற்றுக்கொள்கிறேன். மேஜைமேல் ஓர் ஆப்பிள், பக்கத்தில் ஒரு செம்பு. புதிதாகக் கற்பவருக்கு அது போதும். வட்டத்தை உருண்டையாக்குவது கோடு அல்ல, நிழல். ஒளி ஒரு பக்கமிருந்து மட்டும் விழ வேண்டும், மறுபக்கம் மெல்ல இருண்டுகொண்டே போக வேண்டும். என் ஆப்பிளோ இரண்டு பக்கமும் வெளுத்துக் கிடந்தது.

"தட்டு நல்லா வந்திருக்கு. ஆப்பிளை எப்போ வரையப் போறீங்க?" என்றாள் மனைவி.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. வலப்பக்க ஜன்னலுக்கு எதிரே சலவைக்கார அக்காவின் மாடி. ஹோட்டலின் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் அத்தனையும் அங்கேதான் காயும். வெயில் அவற்றில் பட்டு, நேராக என் நிழலுக்குள் வந்து விழுந்துகொண்டிருந்தது.

ஜன்னலைச் சாத்தியிருக்கலாமே என்பீர்கள். சாத்தினேன். "இந்த டர்பன்டைன் நாத்தத்துல ஜன்னலையும் சாத்தினா, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள். நான் குடும்பஸ்தன், திறந்துவிட்டேன்.

பிறகு முறையாகப் போய்க் கேட்டேன்.

"அக்கா, துணியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் காயப்போட முடியுமா? என் ஆப்பிள் தட்டையாத் தெரியுது."

"கடையில குடுத்து மாத்திக்கோ தம்பி" என்றார். கிண்டல் எனக்குப் பிடிக்கும். நானும் சிரித்தேன்.

மறுநாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் மாடியேறி, விரிப்புகள் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவில் கறுப்புச் சாயப்பொடியைக் கரைத்தேன். பருத்தியில் சாயம் ஊற உப்பும் சூடும் வேண்டும். சூடு அங்கேயே இருந்தது, உப்பை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோனேன். திட்டுத்திட்டாகப் பிடித்துவிடக் கூடாதே என்று ஒரு கழியால் நன்றாகக் கிளறியும் விட்டேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

சாயங்காலம் அக்கா ஈரத்துணி ஒன்றோடு என் அறைக்குள் வந்தார்.

"ஹோட்டல்காரன் இனிமே வராதேன்னுட்டான். அந்த ஒரு வேலையை வெச்சுத்தான்டா என் வீட்டுல அடுப்பு எரியுது. உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்?" என்று கேட்டபடி துணியை இரு கையாலும் மேஜைக்கு வலப்பக்கம் விரித்துப் பிடித்தார்.

அப்போதுதான் பார்த்தேன். ஆப்பிள் உருண்டையாகிவிட்டது. வலது விளிம்பு அரக்குச் சிவப்பாக இருண்டு, பின்னால் வளைந்து போனது.

"அக்கா, கையை இறக்காம அப்படியே நில்லுங்க" என்றேன்.

அவர் அழுதுகொண்டிருந்ததால் துணி ஆடியது. அது ஒன்றுதான் இடைஞ்சல். இருந்தாலும் முக்கால்வாசி முடித்துவிட்டேன். மீதி இருக்கும்போது நீங்கள் போலீஸ் ஜீப்பில் வந்துவிட்டீர்கள்.

ஆக, எதிர்மாடியை ஒன்றும் செய்யத் தேவையில்லை, ஐயா. ஜன்னலையும் சாத்த வேண்டாம். ஆப்பிளின் நிழல் பக்கம், ஒரு சாண் தள்ளி, கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டால் போதும். துணிக்கு அக்காவிடம் கேளுங்கள், இப்போது நிறைய வைத்திருக்கிறார்.