இடப்பக்கக் கைப்பிடி

ஹெலிகாப்டர் மாடல் செய்வதில் கஷ்டமான வேலை மேலே சுற்றும் விசிறிதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். விசிறி சுலபம். கஷ்டமானது அழுக்கு. எங்கே எண்ணெய் கசியும், எங்கே புகை படியும், எந்த இடத்தில் கைபட்டுக் கைபட்டுப் பெயிண்ட் போய்த் தகரம் பல்லிளிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். புதுக்கருக்கு மாறாத பொருளைக் கேமரா நம்பாது. மனிதர்களும் நம்ப மாட்டார்கள்.

இதோ மேசைமேல் இருக்கிறதே, இதுதான் அது. படத்தில் மலைக்கு மேலே பறந்து வரும் மீட்பு ஹெலிகாப்டர் இந்த ஒன்றரை முழப் பொருள்தான். தொட்டுப் பாருங்கள் ஐயா, ஒன்றும் ஆகாது. உடம்பு பிளாஸ்டிக் தகடு. ஆணித் தலைகள் என்று தெரிகிறவையெல்லாம் ஊசி முனையால் வைத்த பசைத் துளிகள். வால் பக்கத்துப் புகைக்கறை, கரித்தூளைத் தூரிகையால் ஒற்றியது. பல மாதம் கண்ணும் கருத்துமாகச் செய்தேன்.

என் தங்கை சொல்லித்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். படப்பிடிப்பில் அவள் கணவர் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து இறந்ததை விசாரிப்பவர் நீங்கள். கை வழுக்கி விழுந்தார் என்று உங்கள் அறிக்கை முடியப்போகிறது. அவளால் அதைத் தாங்க முடியவில்லை. "அவர் கை வழுக்காது சார். அண்ணன்கிட்ட மாடல் இருக்கு. அண்ணன் எடுத்துச் சொன்னா உங்களுக்கே புரியும்" என்று உங்களிடம் சொன்னாளாம். இப்போது வெளி அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திவிடுகிறேன்.

மாப்பிள்ளை சினிமாவில் டூப் போடுகிறவர். கதாநாயகர்கள் விழ வேண்டிய இடத்திலெல்லாம் அவர் விழுவார். முகம் தெரியாமல் விழுவதுதான் அவர் தொழில். என் வீட்டு மாடியில்தான் இருவரும் குடியிருந்தார்கள். வேலை இல்லாத நாட்களில் கீழே இறங்கி வந்து, நான் வேலை செய்வதை இந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். "மச்சான், நான் விழுந்து விழுந்து சம்பாதிக்கிறேன். நீங்க உட்கார்ந்த இடத்துலயே பறக்கிறீங்க" என்று கிண்டல் செய்வார். "இதுக்குப் பெட்ரோல் ஊத்தினா ஜன்னல் வழியா போயிடும் போல இருக்கே" என்பார். என்னைப் பற்றி வெளியில் பெருமையாகத்தான் பேசுவார். அவரை எனக்குப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் எழுத மனம் வராது.

நிஜ ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நாங்கள் அதை வண்டி என்போம். அது கடைசியில்தான் வரும். அதற்கு முன்பே மாடலை வைத்துப் பறக்கும் காட்சிகளை எடுத்தாக வேண்டும். வண்டியின் சொந்தக்காரர் அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் செய்தேன். வலப்பக்கம் தெளிவாக இருந்தது. கதவோரம் ஏறுவதற்கு ஒரு கைப்பிடி. இடப்பக்கத்துப் படங்களில் ஒரே நிழல். தெரியாத பக்கத்துக்குத் தெரிந்த பக்கத்தையே திருப்பிப் போடுவது எங்கள் தொழிலில் உள்ள சோம்பேறித்தனம். எல்லோரும் செய்வோம், யாரும் ஒத்துக்கொள்ள மாட்டோம். இடப்பக்கமும் ஒரு கைப்பிடி வைத்தேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

என்னிடம் தப்பே வராது என்று எனக்கு ஒரு பெயர். "அவர் செஞ்சதுல ஒரு ஆணி இல்லேன்னா நிஜ வண்டியிலயே அந்த ஆணி இல்லைன்னு அர்த்தம்" என்று கலை இயக்குநர் புது ஆட்களிடம் சொல்வார். நான் அங்கேயே நின்று, காதில் விழாதவன் மாதிரி வேறெதையோ பார்ப்பேன். அதைக் கேட்பதற்காகவே சில நாள் போயிருக்கிறேன்.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் வண்டி வந்தது. மாடலில் இருக்கிற மாதிரியே அதில் வண்ணமும் கறையும் பூசுவது என் பொறுப்பு. வலப்பக்கத்தை முடித்துவிட்டு இடப்பக்கம் போய் நின்றேன். கைப்பிடி இருக்க வேண்டிய இடம் மொழுக்கென்று இருந்தது. பக்கத்தில் ஒரு ஈ, காக்கை இல்லை. இருந்தாலும் எனக்குக் காது சுட்டது. நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்தவன் மாதிரி நின்றேன்.

கலை இயக்குநரிடம் அப்போதே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாடலில் எடுத்த சில காட்சிகளைத் திரும்ப எடுத்திருப்பார்கள். கொஞ்ச நாள் முணுமுணுத்திருப்பார்கள். யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். எனக்கு இது அப்போதும் தெரியும்.

நான் சொல்லவில்லை. வண்டிக்கு ஒரு கைப்பிடி செய்தேன். வலப்பக்கத்தில் இருந்ததை அளந்து, பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கி வளைத்து, மூலைகளில் பட்டி பூசி, வெள்ளி நிறம் அடித்து, இரண்டு முனையிலும் ஆணித் தலை வைத்தேன். பிறகு வழக்கம்போல அழுக்கு. உள்வளைவில் விரல்கள் படுகிற இடத்தில் மட்டும் பெயிண்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். ஓரங்களில் பழைய கிரீஸ். பல வருஷம் பல பேர் பிடித்து ஏறின கைப்பிடி அது என்று யார் வேண்டுமானாலும் சத்தியம் செய்வார்கள். என் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை. சொல்ல நாக்குக் கூசுகிறது.

அடுத்தவர் வண்டியில் துளை போட முடியாது. அதனால் இருபக்கமும் ஒட்டும் டேப்பை வைத்து அழுத்தினேன். காற்றைத் தாங்கும். பார்வையைத் தாங்கும். ஆளைத் தாங்காது. ஓட்டி வந்தவர் வலப்பக்கம் ஏறி வலப்பக்கம் இறங்குகிறவர், அவர் கவனிக்கவில்லை.

அதை ஒருவர் பிடிப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்களிடம் இப்படித்தான் சொல்வதாக இருந்தேன். காலையிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். அது பொய்.

சண்டைக் காட்சி மாஸ்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் முதலில் மாடலில் ஒரு பொம்மையை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பார். இதே மேசையில்தான் நடந்தது. வண்டியின் அடியில் தரையில் நிற்பதற்கு இரண்டு நீளக் கம்பி இருக்கிறதல்லவா, அதைக் கால் என்போம். டூப் போடுகிறவர் இடப்பக்கத்துக் காலில் தொங்க வேண்டும். அங்கிருந்து கைப்பிடி, கைப்பிடியிலிருந்து கதவு. உள்ளே போனதும்தான் இடுப்பில் கயிறு மாட்ட முடியும். பொம்மையின் கை எட்டவில்லை. நான்தான் சாமணத்தால் அதன் கையை இழுத்துக் கைப்பிடியில் மாட்டிவிட்டேன். "பார்த்துக்கிட்டியா? இடது கை இங்க பிடிச்சதும் வலது கையை விட்டுடணும். நடுவுல யோசிக்கக் கூடாது" என்றார் மாஸ்டர். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு காற்றில் கையை நீட்டி நீட்டிப் பழகினார். அதனால் எனக்குத் தெரியும். டேப்பை வைத்து அழுத்தும்போது தெரியும்.

காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படி ஆகிவிட்டது, கதவு விளிம்பைப் பிடித்து ஏறிவிடுங்கள் என்றால் போதும். அவருக்கு அது பெரிய விஷயமில்லை. சிரித்திருப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு மாடிக்குப் போகும், தங்கையிடம் சொல்வார், ஒரு நாள் விளையாட்டாகக் கலை இயக்குநரிடமும் சொல்வார். அதை நினைத்தபோது வாய் வரவில்லை.

காலையில் வந்ததும் அவர் வண்டியைச் சுற்றி வந்தார். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். கால்களை உலுக்கினார். கதவை இழுத்துப் பார்த்தார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்கிற தொழில், அவர் எதையும் சும்மா விடுகிறவர் இல்லை. கைப்பிடியிடம் வந்து கையை நீட்டினார். கலை இயக்குநர் என் பக்கத்தில் நின்றார்.

"மச்சான், இது தாங்கும்ல?"

"எத்தனை பேர் பிடிச்சுத் தேஞ்சிருக்கு பாருங்க மாப்பிள்ளை" என்றேன்.

அவர் குனிந்து அந்தத் தேய்மானத்தைப் பார்த்தார். நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் நேரம் இருந்தது. டீ வந்தது. நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குடித்தோம். தங்கை ராத்திரி சீக்கிரம் வரச் சொல்லியிருக்கிறாள், வெளியில் போக வேண்டும் என்றார். சரி என்றேன்.

கீழே மெத்தை போட்டிருந்தார்கள். காற்றில் வண்டி கொஞ்சம் நகர்ந்து மெத்தையைத் தாண்டிவிட்டது. அவர் யோசிக்காமல் கையை மாற்றினார், மாஸ்டர் சொன்ன மாதிரியே. கேமராவில் அவர் முதுகு மட்டும்தான் தெரிகிறது.

எல்லோருக்கும் முன்னால் ஓடினது நான்தான். யூனிட்டில் இன்னும் அதைப் பேசுகிறார்கள். மச்சான் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்கிறார்களாம். நான் அவருக்காக ஓடவில்லை ஐயா. அவர் இடது கை மூடியிருந்தது. உள்ளே கைப்பிடி இருந்தது. யாராவது பார்ப்பதற்குள் அதை எடுக்க வேண்டும் என்று ஓடினேன். அவர் கண் திறந்திருந்தது, என்னை அடையாளம் தெரிந்தது. நான் விரல்களைப் பிரித்தேன். அவர் விடவில்லை. நல்ல பிடி.

"நான் சரியாத்தான் பிடிச்சேன் மச்சான்" என்றார்.

"தெரியும் மாப்பிள்ளை. விடுங்க" என்றேன்.

விட்டார். நான் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவரை வேனில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் போனார்கள். இறக்கி நிறுத்திய வண்டியிடம் நான் போனேன். கைப்பிடியைத் துடைத்தேன். பளபளப்புக் கொஞ்சம் மங்கியிருந்தது, அதைச் சரிசெய்தேன். புது டேப் வைத்து இருந்த இடத்திலேயே அழுத்தினேன். பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

நீங்கள் வந்து பார்த்தபோது கைப்பிடி கச்சிதமாக இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தீர்கள். படம் எடுக்கச் சொன்னீர்கள். விசாரணைக்கு உரிய பொருளை யாரும் தொடக் கூடாது என்று உங்கள் ஆட்களை அதட்டினீர்கள். நான் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பிடி நன்றாக இருக்கிறது, அப்படியானால் கைதான் வழுக்கியிருக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்ததில் குற்றமில்லை. வண்டியைத் திருப்பி அனுப்புமுன் வண்ணத்தைச் சுரண்டியவனும் நான்தான். அப்போது அதைக் கழற்றிக்கொண்டேன். இந்த இழுப்பறையில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள், எடையே இருக்காது.

தங்கையிடம் வேறு மாதிரி சொன்னேன். அவர் கடைசியாக அவள் பெயரைச் சொன்னார் என்றேன். நம்பினாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவள் ஒன்றையே சொல்கிறாள்: "கடைசி வரைக்கும் எங்கண்ணன்தான் அவர் கையைப் பிடிச்சுட்டு இருந்துச்சு." அதைச் சொல்லும்போது என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள். என்னால் உருவிக்கொள்ள முடிவதில்லை. அந்த நேரத்தில் பூமி பிளந்தால் தேவலை என்று இருக்கும். வெட்கம் கொல்லும் என்பார்கள். என் விஷயத்தில் அது ஆளை மாற்றிக் கொன்றுவிட்டது.

மாப்பிள்ளையின் கை வழுக்கவில்லை. அதை அறிக்கையில் முதல் வரியாக எழுதுங்கள். தொழிலில் அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் தெரிந்தே அவரைப் போகவிட்டேன், தெரிந்தே மறைத்தேன். வெளியே இருக்கிறவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்குத் துணிவு இல்லை. நான் இந்த அறையிலேயே இருக்கிறேன், எங்கும் போக மாட்டேன்.

எழுதியதை வாசித்துக் காட்டியதற்கு நன்றி. கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் திருத்த வேண்டும். இதைக் கேட்க எனக்கே அசிங்கமாக இருக்கிறது, இருந்தாலும் திருத்திக்கொள்ளுங்கள். கைப்பிடி உடைந்ததால் விழுந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். கைப்பிடி உடையவில்லை ஐயா, ஒரு கீறல்கூட இல்லை. டேப்தான் விட்டது. டேப் கடையில் வாங்கியது.