வெள்ளைப் பல்

காலையில் ஐந்தரைக்கு எழுவேன். அவளுடைய பிரஷ்ஷை ஒதுக்கிவிட்டு என்னுடையதை எடுத்துப் பல் துலக்குவேன். காபி, சட்டைக்கு இஸ்திரி, எட்டரைக்கு ஆய்வகம். மனைவி இறந்து ஏழு மாதமாகியும் இதில் மாற்றமில்லை. ஒழுங்கான மனிதன் என்று நீங்கள் குறித்துக்கொள்ளலாம், ஐயா.

பாலூட்டிகள் எப்படித் தோன்றின என்று ஆராய்வது என் வேலை. பாறை மண்ணைச் சல்லடையில் அலசினால் அபூர்வமாக ஒரு பல் கிடைக்கும். எனக்கும் கிடைத்தது. எள்ளளவு. வயது இருபது கோடி ஆண்டுகள் என்று எழுதினேன். ஏன் இவ்வளவு வெள்ளை என்ற கேள்வி வரும் முன்பே 'அரிய வகையில் பாதுகாக்கப்பட்டது' என்று சேர்த்தேன். மூன்று பேராசிரியர்கள் தலையாட்டினார்கள். கட்டுரை அச்சுக்குப் போனது.

அதே ஆய்வகத்தில் எலும்புகளைச் சுத்தம் செய்துவந்தவள் என் மனைவி. அவள் தலையாட்டவில்லை.

"இருபது கோடி வருஷமாம். உங்க பல்லைவிட வெள்ளையா இருக்குங்க," என்று சிரித்தாள். "இது மூஞ்சூறு. ஆந்தை கக்கின எலும்பை ஸ்டூடன்ட்ஸுக்கு இந்தச் சல்லடையிலதானே அலசிக் காட்டுனீங்க? அதைக் கழுவாமலே மண்ணைக் கொட்டியிருக்கீங்க, மகாராஜா."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுதே. அந்த மூஞ்சூறோட தாடை கிடங்குல மேல் தட்டுப் பெட்டியில இருக்கு. பல்லை வச்சுப் பார்ப்போம். பொருந்துச்சுன்னா அச்சாகறதுக்குள்ள நிறுத்திடலாம். நாலு பேர் சிரிப்பாங்க, சிரிக்கட்டுமே. நான் கூட இருக்கேன்ல."

நியாயமான பேச்சுதான். ஆனால் மறுவாரம் எனக்குப் பாராட்டு விழா. துறைத் தலைவர் நாற்காலியும் ஏறக்குறைய கைக்கு வந்திருந்தது.

கிடங்கில் இருப்பது சக்கரம் வைத்த ஏணி. ஒருவர் ஏறினால் இன்னொருவர் பிடிக்க வேண்டும் என்பது விதி. அவள் ஏறினாள். நான் தள்ளவில்லை, ஐயா. கையை எடுத்தேன். மிச்சத்தைச் சக்கரங்கள் பார்த்துக்கொண்டன. பெரிய விலங்குகள் அழிந்ததால்தான் பாலூட்டிகள் தழைத்தன. அதற்காக எந்தப் பாலூட்டியையும் யாரும் விசாரித்ததில்லை.

தாடையைப் பொடித்துத் தண்ணீரில் விட்டேன். அச்சுக்கு முன் வந்த கடைசித் திருத்தத்தில், புதிய இனத்துக்கு அவள் பெயரை வைத்தேன். ஒரு மூஞ்சூறுக்கு. இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"கடைசியா என்ன சொன்னா, மாப்ள?" என்று மாமனார் கேட்டார்.

"ஆராய்ச்சியை விட்டுடாதீங்கன்னு சொன்னா, மாமா."

கட்டுரையின் முதல் பக்கத்தில் அதுவே அச்சாகியிருக்கிறது. நானும் பாதி நம்பிவிட்டேன்.

உண்மையில், பெட்டியை இழுக்கும் முன் மேல்படியிலிருந்து என்னைக் குனிந்து பார்த்தாள்.

"நல்லாப் பிடிச்சிட்டு இருக்கீங்கல்ல? நான் ரெண்டு கையையும் விடப் போறேன்."