ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் வந்த சொல்

விழுப்புரம் பஸ் புறப்படவிருந்தது. முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் பேசிய பேச்சில், என் மடியில் தூங்கிய குழந்தை விழித்துவிடுமோ என்று பயந்தேன்.

“சோறு போட்ட எங்கம்மாவப் பாத்து சாகுன்னு சொல்லிட்டியே! கொஞ்ச நாள் உங்கம்மா வீட்லயே இரு.”

“ஐயோ, ஞாயித்துக்கெழம டிவில அந்தக் கன்னடப் படத்துல, பட்டிக்காட்டுப் பொண்ணு எலைமேல கைய வச்சு ‘சாகு, சாகு’ன்னுச்சே. ஆசையா இருந்துச்சு, அதே மாதிரி சொன்னேன்.”

“அது அம்மாவுக்கு எப்படித் தெரியும்?”

“உங்களுக்குத் தெரியுமில்ல? ‘போதும்’னு அர்த்தம் சொன்னதே நீங்கதான? அத்தை அழுதப்ப ஏன் வாயத் தொறக்கல?”

கண்டக்டர் விசில் ஊதினார். கணவர் பையை எடுத்தார்.

“எறங்கு. அம்மாகிட்ட நானே சொல்றேன்.”

“மொதல்ல நீங்க எறங்குங்க,” என்றாள் அந்தப் பெண்.