தேறிய கல்

போன் வாங்கியதும் முதல் வேலையாக அதற்கு உறை மாட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஒரு பொருளைக் கையில் வாங்கினால் அதன் உடம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மேடம், நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். அந்தப் போனின் கட்டுமானத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் அன்பரசு. புவனகிரிக்கு வெளியே, வெள்ளாற்றங்கரைச் செங்கல் சூளையில் வளர்ந்தவன். அப்பாவும் அம்மாவும் கல் அறுத்தார்கள். ஏழு வயதில் நான் மண் மிதித்தேன். இப்போது சிதம்பரத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கூடவே ‘தட்டிப் பாரு’ என்று ஒரு யூடியூப் சேனல். புதுப் போன்களை நான் சோதிப்பேன். என் தங்கை சௌந்தரத்தின் வீட்டுக்காரன் சிலம்பரசன் வீடியோ எடுப்பான்.

சூளையில் கல்லுக்கு நாலு சோதனை உண்டு. இரண்டு கல்லை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடையக் கூடாது. தண்ணீரில் போட்டால் கரையக் கூடாது. நாலிலும் நின்றால் அது தேறிய கல். தேறிய கல்லை அதற்கப்புறம் யாரும் உடைக்க மாட்டார்கள். அது சுவருக்குப் போகும். நிற்காததற்கு வேகாத கல் என்று பெயர். போனையும் நான் இப்படித்தான் பார்த்தேன். ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது.

அந்தப் போன் மாசி மாதம் வந்தது. அந்தக் கம்பெனி செய்வதிலேயே உச்சத்து மாடல். உள்ளங்கையில் வைத்ததும் எடை ஒரு பக்கமாகச் சாயாமல் நடுவில் உட்கார்ந்தது. சட்டம் டைட்டானியம். சட்டமும் கண்ணாடியும் சேருகிற இடத்தில் நகத்தை ஓட்டினேன், சுற்றி வந்து சேரும்வரை எங்கும் மாட்டவில்லை. பொத்தான்களில் ஆட்டம் இல்லை. முதுகில் முட்டியால் தட்டினால் உள்ளே பொள்ளல் இல்லாத சத்தம். சிம் தட்டின் ரப்பர் வளையம் பிசிறில்லாமல் படிந்திருந்தது. காமிரா மேடு மட்டும் புடைப்பு. மேசையில் மல்லாக்க வைத்துத் தொட்டால் ஆடியது. அதற்கு அரை மதிப்பெண் குறைத்தேன். கண்ணாடியைக் கீறினேன், கோடு விழவில்லை. இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டேன். ஓரத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

அப்போது காமிராவுக்குப் பின்னாலிருந்து சிலம்பரசன் சிரித்தான்.

“ஜாஸ்தி தட்டாதீங்க மச்சான், அது அழுதுடப் போவுது.”

நேரலையில் நிறையப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்து அவனே முகத்தைக் காட்டிச் சொன்னான்: “எங்க மச்சான் சூளையிலயே வெந்தவரு. இல்ல இல்ல, பாதிதான் வெந்தாரு. அதுக்குள்ள எடுத்துட்டாங்க.”

அதன் பிறகு என் பெயர் அன்பரசு இல்லை. வீடியோவுக்குக் கீழே எல்லோரும் ‘வேகாத கல்லு’ என்று எழுதினார்கள். டீக்கடைக்காரர் உத்திராபதி, “என்னா வேகாத கல்லு, சக்கரை போடலாமா, கரைஞ்சிட மாட்டியே?” என்றார். நானும் சிரித்தேன்.

ஒரு வாரம் கழித்து சிலம்பரசன் கடைக்கு வந்தான்.

“கம்பெனிலேர்ந்து பேசினாங்க மச்சான். மெட்ராஸ்ல விழா. என்னைய மட்டும் வரச் சொல்றாங்க.”

“சோதனைய யாரு பண்றது?”

“அந்தத் தட்டுறது கீறுறதெல்லாம் இனிமே வேணாம் மச்சான். அவுங்களுக்கு அது கேவலமா இருக்குதாம். நீங்க கடையப் பாத்துக்குங்க. சேனல் பேரையும் மாத்திடலாம்னு இருக்கேன்.”

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் கோடு போட்டு வைத்துக்கொள்ளலாம். கோபத்தில் செய்தேன் என்று யாராவது சொன்னால் அது பொய்.

“தண்ணி சோதன பாக்கி இருக்குது மாப்ள. அது ஒண்ணு முடிச்சிடுவோம். அப்புறம் உன் இஷ்டம்” என்றேன்.

ஆறு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. நானும் சௌந்தரமும் வளர்ந்த சூளை மூடிக் கிடக்கிறது. மண்ணெடுத்த பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கிறது. அங்கே போகலாம் என்றேன். சௌந்தரம் எங்கள் இரண்டு பேருக்கும் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள். சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அந்தப் பள்ளத்துக்குத் தென்கரையில் படி வெட்டியிருக்கும். வடகரை செங்குத்து. மேலே பார்த்தால் தரை, அடியில் குடைவு. நல்ல களிமண் அடியில்தான் இருந்தது. அதைக் குடைந்து எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

“வடக்கால நில்லு மாப்ள, மூஞ்சியில வெளிச்சம் நல்லா வுழும்” என்றேன். அது உண்மை. வெளிச்சம் நன்றாகவே விழுந்தது.

“கயித்த மணிக்கட்டுல சுத்திக்க, வழுக்கிடும்” என்றும் சொன்னேன். போனில் வீடியோவை ஓடவிட்டு, நைலான் கயிற்றில் கட்டி, அவன் குனிந்து தண்ணீருக்குள் இறக்கினான். நான் எதிரே படியில் நின்று நேரம் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கரை அவனோடு சேர்ந்து உள்ளே போனது.

அவனுக்கு நீச்சல் தெரியாது. டவுனில் வளர்ந்தவன். “மச்சான், கை குடுங்க” என்று ஐந்து தடவை சொன்னான். நடுவில் ஒரு தடவை சௌந்தரத்தின் பெயரைச் சொன்னான். அந்தப் போனின் மைக்கைப் பாராட்ட வேண்டும். தண்ணீருக்குள் இருந்தும் அவ்வளவையும் பிடித்திருக்கிறது. என் காலடியில் ஒரு மூங்கில் கழி கிடந்தது. எட்டியிருக்கும். ஆனால் அவனை இழுத்தால் போனும் மேலே வந்துவிடும். பாதியில் எடுத்தால் சோதனை செல்லாது.

அவன் நாலு நிமிஷம் நின்றான். போன் முப்பது நிமிஷமும் நின்றது. அதன் பிறகுதான் இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். மணிக்கட்டில் சுற்றியிருந்ததால் அவனும் கூடவே வந்தான்.

கால் வழுக்கிய விபத்து என்று நான் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். போனைத் துடைத்துக் கடையில் வைத்திருந்தேன். காரியம் முடிந்த மறுநாள் சௌந்தரம் வந்தாள்.

“அண்ணா, அந்தப் போன்ல அவரு கடைசியா எதுனா பேசியிருந்தா நான் கேக்கணும். குடுண்ணா.”

கொடுத்தேன். கேட்டுவிட்டு அவள் நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள்.

விசாரணையின் முதல் நாளே நீங்கள் கேட்டீர்கள்: “சர்வீஸ் கடை வச்சிருக்க. ஒரு நிமிஷத்துல அழிச்சிருக்கலாமே, ஏன் அழிக்கல?” அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். தேறிய கல்லை உடைக்கக் கூடாது. அந்த வீடியோவை அழித்தால், போன் நாலு சோதனையிலும் நின்றது என்பதற்குச் சாட்சி ஏது? முப்பதாவது நிமிஷத்தில் அதில் என் குரல் கேட்கும். “பாஸ்” என்று சொல்கிறேன். நடுக்கம் இருக்காது, கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். கரை தானாக இடியவில்லை. அதற்கு முன்பு மூன்று நாள் காலையில் போய், வடகரை விளிம்பில் இருபது இருபது குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். காய்ந்த களிமண் பதத்துக்கு வர அவ்வளவு வேண்டும். அவனைக் கொல்வதற்குத்தான் ஊற்றினேன். ஆனாலும் என் கை அவன்மேல் படவில்லை மேடம். வேகாத கல் தண்ணீரில் கரைந்தால் அது தண்ணீர் செய்த குற்றமில்லை.

சௌந்தரம் இன்னும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்ப்பாள். அவளும் சூளையில் வளர்ந்தவள்தானே, எங்கள் இரண்டு பேரில் யார் தேறியவன் என்று அவளுக்குத் தெரியாமல் போகாது.