உறுப்பினர் அனைவரும் காலமானார்கள்

ஹலோ... ஆமா, நான்தான். மீட்டிங்ல இருக்கியா? சரி சரி, நீ பேச வேண்டாம், கேட்டாப் போதும்... ஏன் கிசுகிசுக்கிறேனா? நூலகத்துல வேலை பாக்கிறவன் வேற எப்படிம்மா பேசுவான்?

இல்லை, சாப்பாட்டு டப்பாவை மறக்கலை. ஒரு சாவு... ஐயோ, நம்ம வீட்ல இல்லை! ஜன்னலோரப் பெரியவர், செஸ் புஸ்தகத்தைத் தவிர வேற எதையும் தொடமாட்டாரே... ஆமா, அவர்தான். போன வாரம் போயிட்டாராம். மக போன் பண்ணிச் சொன்னாங்க... ஆமா, பாவம்.

அதை டேட்டாபேஸ்ல ஏத்தணும்ல? நீ நேத்து சொல்லிக் கொடுத்தபடியே ரெண்டு வரி. 'நிலைங்கிற இடத்துல காலமானார்னு போடு'ன்னு ஒண்ணு. 'இந்த உறுப்பினர் எண்ணுக்கு மட்டும்'னு இன்னொண்ணு. ரெண்டையும் அடிச்சேன், சத்தியமா... அப்புறம் என்னவா? எல்லாரும் செத்துட்டாங்க.

சிரிக்காதே! எல்லாரும்தான். பக்கத்து ஸ்கூல் பிள்ளைங்க, போஸ்ட்மேன், எங்க மேடம்... நீயும்தான். நீயும் உறுப்பினராச்சே... என்னது? அப்ப ராத்திரி சமையல் என் பொறுப்பா? நல்லா இருக்கே!

எப்படின்னா... நான் மவுஸால தடவித் தடவித்தானே படிப்பேன். முதல் வரி அம்சமா வந்திருக்கேன்னு தடவி ரசிச்சுக்கிட்டே ஓட்டுற பட்டனை அமுக்கிட்டேன்... ஆ? நீலமாகிற வரி மட்டும்தான் ஓடுமா? இதை நேத்தே சொல்றதுக்கென்ன?... சொன்னியா?... ரெண்டு தடவையா?... சரி, சொன்னே.

விளையாட்டு இல்லைம்மா. கதவைத் திறக்கிற நேரத்துக்கு மெஷின் தானாவே வீட்டுக்கு வீடு இரங்கல் அனுப்பிடும். மேடம் வண்டி நிறுத்துற சத்தம் வேற கேக்குது. 'வெளியாள் எதுக்கு மேடம், என் பொண்டாட்டி இதே வேலைதான், நான் கத்துக்க மாட்டேனா'ன்னு பீத்திக்கிட்டு வாங்கின நாற்காலி இது. மறுபடி அலமாரி தூசி தட்டப் போட்டுருவாங்க...

என்ன? நிரந்தரமாச் சேமிக்கிற பட்டனா? இல்லை, அதைத் தொடலை. சிவப்பா இருந்துச்சா, பயந்துட்டேன்... நிஜமாவா? பயந்ததுதான் நல்லதாப் போச்சா? வாழ்க்கையில முதல் தடவையா என் பயத்தைப் பாராட்டுறே... சரி சரி, சொல்லு. ரோல்பேக்... அதை அடிச்சா எல்லாம் பழையபடி ஆயிடுமா?... அடிச்சாச்சு... எதையும் தடவலை தாயே, மவுஸ் மேசைக்கு அந்தப் பக்கம் கிடக்கு.

வந்துட்டாங்க! எல்லாரும் வந்துட்டாங்க! போஸ்ட்மேன் இருக்கார், மேடம்... இரு, அவங்களைப் பாத்தது ரெண்டாவது. முதல்ல உன்னைத்தான் தேடினேன். இருக்கே... இல்லையே, குரலுக்கு என்ன? தூசி.

அப்புறம்... பெரியவரும் வந்துட்டார். ஆமா, 'நடப்பு உறுப்பினர்'னு காட்டுது. செஸ் புஸ்தகம் கூட அவர் பேர்லதான் இருக்கு... தெரியும்மா. மறுபடி போடணும். ரெண்டு வரியும் சேர்த்து ஓட்டணும்... ஆமா, ஆமா, புரியுது... போடறேன். சாயங்காலம் போடறேனே. அதுவரைக்கும் உக்காந்துட்டுப் போகட்டும்...

வைக்கிறேன், வைக்கிறேன்... வாங்க மேடம், வணக்கம்! ஒண்ணும் இல்லை மேடம். எல்லாரும் சௌக்கியம்.